வண்டிப்பேட்டைத் தெருவின் பேச்சுத் தண்ணி

எங்க வண்டிப்பேட்டைத் தெருக் குழாயில தமயந்தி சிரிச்ச அன்னிக்கு ஆனிக் காத்து புழுதிய வாரி மூஞ்சியில அடிச்சுக்கிட்டு இருந்துச்சு, தண்ணி நூல் பிடிச்ச மாதிரி வந்துச்சு, வரிசையில பதினெட்டாவது குடம் நெறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, நான் வழக்கம்போல இடுப்புல கைய ஊன்றிக்கிட்டு யாரு முந்துறா, யாரு தன் நாத்தனா குடத்த நடுவுல சொருகுறான்னு பாத்துக்கிட்டு நின்னேன், அப்பத்தான் தண்ணியோட தண்ணியா கலகலன்னு ஒரு சிரிப்பு இறங்கி வந்து குடத்துக்குள்ள விழுந்துச்சு.

யாரும் அலறல. எங்க ஊர்க் குழாயில தண்ணி வர்றதே அதிசயம், அதுல கூட ஒரு சிரிப்பு வந்தா என்ன குறைஞ்சு போச்சு?

"ஏ பூரணம், உன் மகடி"ன்னேன் நான்.

"ஆமா மதினி, அவளேதான்"னா பூரணம், முந்தானையால மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு. "பதினஞ்சு நாளா போன்ல அழுகையா அழுதா. இன்னிக்குத்தான் சிரிக்கா."

அப்புறம் பத்தொம்பதாவது குடத்த வச்சோம். தண்ணி நிக்கிறதுக்குள்ள பிடிக்கணும்ல.

நான் வேலுத்தாய். குழாய் என் வீட்டு வாசல்ல இருக்கு, அதனால வரிசைக்கு நான்தான் அதிகாரி. யாரும் என்ன நியமிக்கல, யாரும் ஏன்னு கேக்கவும் இல்ல. ரெண்டு நாளைக்கு ஒருக்கா சாயங்காலம் ஆத்துத் தண்ணி வரும், ஒன்றரை மணி நேரம் வரும், மத்த நேரமெல்லாம் உப்புக் கரிக்கிற போர் தண்ணிதான். இந்தத் தெருவுக்குன்னு ஒரே ஒரு சட்டம் உண்டு: வரிசையில வச்ச குடத்த வச்சவளத் தவிர வேற யாரும் தொடக்கூடாது. புருஷன் தொடக்கூடாது, போலீஸ் தொடக்கூடாது. ஒரு தடவை பாடையத் தூக்கிட்டு வந்தவங்க குடத்துக்கு முன்னால நின்னு, சங்க ஊதி ஊதிப் பாத்துட்டு, குடத்துக்காரி வரலைன்னதும் சந்து வழியாச் சுத்திக்கிட்டுப் போனாங்க. செத்தவரு எங்க தெருக்காரருதான், அவருக்குச் சட்டம் தெரியும், ஒண்ணும் சொல்லல.

பூரணத்தோட புருஷன் அழகுராஜ் மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்காரு. கருகிப்போன மோட்டாரக் கொண்டு போய்ப் போட்டா, பழைய கம்பிய உருவிட்டு, புதுச் செம்புக் கம்பிய விரலாலயே எண்ணி எண்ணிச் சுத்தி உசுரக் குடுத்துருவாரு. அவருக்கு ஒத்தைப் பொண்ணு தமயந்தி, பதினெட்டு வயசு. போன வருஷம் ஜார்ஜியான்னு ஒரு தேசத்துல, பத்தூமின்னு ஒரு கடக்கரை ஊருக்கு டாக்டருக்குப் படிக்கப் போனா. முதல் வருஷக் கடைசியில உடம்புல இருக்கிற எலும்பு நரம்பையெல்லாம் பத்தி ஒரு பரிட்சை. உக்காந்ததும் எல்லாம் மறந்து போய், வெள்ளைத் தாள மடிச்சுக் குடுத்துட்டு வந்துட்டா. செப்டம்பர் பதினாலாந் தேதி மறுபரிட்சை. கூடப் படிச்ச பிள்ளைகளெல்லாம் லீவுக்கு ஊருக்கு வந்துருச்சு, இவ மட்டும் அங்கயே கிடந்தா. அழகுராஜ் போன்ல சொன்னது எங்க எல்லாருக்கும் தெரியும்: "இந்தத் தடவையும் போச்சுன்னா பெட்டியக் கட்டிட்டு வந்துரு தாயி. ராஜபாளையத்து அத்தை உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா."

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி தண்ணி வந்தப்ப, சிரிப்போட ஒரு பயலோட குரலும் வந்துச்சு. இங்கிலீசு. வரிசையே வாயப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெபமேரி மட்டும் எங்க தெருவுல இங்கிலீசு தெரிஞ்சவ, அவ குடம் இருபத்தி மூணாவதா இருந்துச்சு, அவளக் கையப் பிடிச்சு இழுத்து முன்னால கொண்டாந்து நிறுத்துனோம்; குடம் அங்கயே இருந்துச்சு, ஆளுதான் முன்னால வந்தா, அதுல சட்ட மீறல் இல்ல.

"தினமும் இந்தக் கல்லு மேல உக்காந்து புத்தகத்தப் பாத்து அழறியே, அந்தப் புத்தகத்துல யாரு செத்துப்போனாங்கன்னு கேக்கான்"னா ஜெபமேரி. "இவ சொல்றா, எல்லாருமே செத்தவங்கதான், அது உடம்ப அறுத்துப் பாக்கிற புத்தகம்னு. அதுக்குத்தான் சிரிக்கிறாங்க."

"பய யாராம்?"

"லேவானாம். பத்தொம்பது வயசு. கப்பல் படிப்புப் படிக்கான். லீவுக்கு அவன் அத்தையோட சேந்து கடக்கரையில சோளக்கதிர் அவிச்சு விக்கானாம்."

"என்ன ஆளுகளாம்?"னு பின்னாலருந்து ஒரு குரல்.

"உப்புப் போட்டு அவிக்கிற ஆளுக"ன்னேன் நான். "குடத்த நகட்டுங்கடி."

அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா அதுக ரெண்டும் தண்ணியில வந்துச்சுக. பூரணம் போன்ல பேசிப் பாத்து ஒத்துப் பாத்ததுல, அங்க நேத்துப் பேசுனது இங்க இன்னிக்கு வருதுன்னு தெரிஞ்சுச்சு; ஆத்துலருந்து எங்க ஊருக்கு வர்றதுக்கே தண்ணி அம்புட்டு மக்கர் பண்ணும், கடல் தாண்டி வர்ற பேச்சு ஒரே நாள்ல வந்தது பெரிய காரியம். குழாயிலருந்து விழும்போது ஒரு தடவை கேக்கும், குடத்துலருந்து சாய்க்கும்போது இன்னொரு தடவை கேக்கும், அதோட சரி, அப்புறம் வெறும் தண்ணிதான். எங்க தெருவுல ஆம்பளைங்க குழாயடிக்கு வரமாட்டாங்க, அது அவங்களுக்குக் கவுரவக் குறைச்சல், அதனால அவங்க வேலை முடிஞ்சு வர்றதுக்குள்ள நாங்க குடத்தையெல்லாம் அண்டாவுல சாய்ச்சுப் பேச்சத் தீத்துருவோம். குடிச்சோம், குளிச்சோம், பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊத்துனோம். ஆனா அந்தத் தண்ணியக் கொதிக்க வைக்க மட்டும் யாருக்கும் மனசு வரல, அடுத்தவ பெத்த பிள்ளையோட பேச்ச அடுப்புல ஏத்துறது பாவமாப் பட்டுச்சு, சோத்துக்குப் போர் தண்ணியவே வச்சுக்கிட்டோம். கேட்டத வாசல்ல வச்சுப் பேசக்கூடாதுன்னும் ஒரு பேச்சு ஆச்சு. எங்க தெருப் பொம்பளைங்க ஒரு ரகசியத்த ஒரு மாசத்துக்கு மேல வயித்துக்குள்ள வச்சிருந்தது அது ஒண்ணுதான், அதத்தான் நான் இன்னமும் நம்ப முடியாம இருக்கேன்.

எனக்கு முதல்ல பிடிக்கலதான். மறைக்க என்ன இருக்கு? "படிக்கப் போன இடத்துல இவளுக்கு என்ன கடக்கரையும் கதிரும்"னு பூரணம் மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். அவ குடத்தத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு நின்னா. அன்னிக்குத் தண்ணியில அந்தப் பய புத்தகத்தப் பிடுங்கி வச்சுக்கிட்டு அவளக் கேள்வி கேட்டான். இது என்ன எலும்பு? இது எங்க போய்ச் சேருது? இவ முழிச்சா. அவன் விடல. கதிரு வாங்க ஆளு வந்தா "இருங்க"ன்னு சொல்லிட்டு, அவ பதில் சொல்ற வரைக்கும் நிக்க வச்சிருந்தான் போல, அவன் அத்தை அந்தூரு பாசையில வையுறது கூட எங்களுக்குக் கேட்டுச்சு.

தோள்லருந்து கைக்கு இறங்குற நரம்புக் கத்தையில அவ திரும்பத் திரும்ப விழுந்தா. அதுக்கு அவ சோளக்கதிர்த் தோகையக் கிழிச்சு, நார் நாராக் கல்லு மேல பரப்பி, "எங்கப்பா மோட்டாருக்குக் கம்பி சுத்துற மாதிரிதான் இது"ன்னு அவனுக்குச் சொல்லிக் குடுத்தா. அஞ்சு வேரு, மூணு தண்டு, ஆறு பிரிவு, மூணு கயிறு, அஞ்சு கிளை. தமிழ்ல எண்ணச் சொல்லிக் குடுத்தா. அடுத்த தண்ணிக்கு அவ தடுமாறி "ஆறு பிரிவு, நாலு கயிறு"ன்னப்ப, "தப்பு! மூணு!"ன்னு அந்தப் பய தமிழ்ல கத்துனான் பாருங்க, எங்க வரிசையில இருந்த அத்தனை பேரும் ஓன்னு சிரிச்சுட்டோம். எங்க தெருவுப் பிள்ளைக அதச் சொல்லிச் சொல்லிக் கயிறாடுச்சுக. ஜெபமேரி கண்ணத் துடைச்சுக்கிட்டு, "நர்சிங் படிக்கையில எனக்கு இப்படி ஒருத்தன் கிடைக்கலயே"ன்னா.

"நான் மககிட்ட ஒண்ணும் கேக்கப் போறதில்ல மதினி"ன்னு அன்னிக்குத்தான் பூரணம் வாயத் தொறந்தா. "நாம கேக்கோம்னு தெரிஞ்சா பேச்ச நிறுத்திருவா. சிரிப்பு நின்னா படிப்பும் நின்னுரும். அவ எழுதணும். எனக்கு அது ஒண்ணுதான்."

ஆனா காரியத்தக் கெடுத்தது அவளேதான், பக்தியாலதான் கெடுத்தா. ஆடி மூணாம் வெள்ளிக்கு எங்க தெரு மாரியம்மனுக்குக் கஞ்சி ஊத்துவோம். வீட்டுக்கு ஒரு குடம், அன்னிக்குப் பிடிச்ச தண்ணியா இருக்கணும், பழசு ஆகாது. அந்த வெள்ளிக்கிழமைன்னு பாத்து ஆத்துத் தண்ணி வந்துச்சு. பேச்சுத் தண்ணி வேணாம், எல்லாரும் போர் தண்ணியே குடுத்துருவோம், ஆத்தா கோவிச்சுக்கமாட்டான்னு நான் முன்கூட்டியே சொல்லி வச்சிருந்தேன், எல்லாரும் தலைய ஆட்டுனாங்க, பூரணமும் ஆட்டுனா. ஆனா மக பாசாகணும்னு நேந்துக்கிட்டவளுக்கு, ஆத்துத் தண்ணி கையில இருக்கும்போது ஆத்தாளுக்கு உப்புத் தண்ணியக் குடுக்க மனசு ஒப்பல. அவ பிடிச்ச குடத்துல பேச்சே வரல, வெறும் அலைச் சத்தம்தான். ஊமைத் தண்ணிதானேன்னு அதக் கொண்டு போய்க் கஞ்சி அண்டாவுல ஊத்திட்டா. ஊத்தையிலயும் அலைதான் கேட்டுச்சு. மெல்லமாப் பேசுன பேச்சு தண்ணிக்கு அடியில படிஞ்சு கிடக்கும், சூடு பட்டாத்தான் மேல வரும்னு எங்களுக்கு எங்க தெரியும்?

அந்த வருஷம் கஞ்சி கிண்டுற முறை அழகுராஜுக்கு. வெத்து மேலோட, இடுப்புல மஞ்சள் துண்டக் கட்டிக்கிட்டு, அகப்பையப் பிடிச்சுக் கிண்டிக்கிட்டு இருந்தாரு. மேளம் நின்ன நேரம். கஞ்சி தளபுள தளபுளன்னு கொதிச்சு வந்துச்சு, கொதிக்குள்ளருந்து அவரு பெத்த மக, காதோட காதாச் சொல்ற குரல்ல, சுத்தத் தமிழ்ல சொன்னா:

"லேவான், எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு."

கோணல் மாணலா ஒரு பயலோட குரல் சொல்லுச்சு: "எனக்கும் பிடிச்சிருக்கு."

கோயில் வாசல்ல எரநூறு பேரு. அழகுராஜ் அகப்பைய விடல. கஞ்சி அடிப்பிடிக்காம கடைசி வரைக்கும் கிண்டி இறக்கி, நின்ன எல்லாருக்கும் அவரு கையாலயே ஊத்துனாரு, ஒரு சொட்டு சிந்தல. அப்புறம் கைய அலம்பிட்டு, சட்டையப் போட்டுக்கிட்டு, ஏஜென்ட் வீட்டுக்கு நடந்தாரு. பத்து நாள்ல விசாவும் டிக்கெட்டும் ஆயிரும், நானே போய்க் கூட்டிட்டு வரேன், தையில கல்யாணம்னு வீட்டுல சொன்னாராம். பரிட்சை இருக்கேன்னு பூரணம் கேட்டதுக்கு, "பரிட்சையா நடக்கு அங்க?"ன்னாராம்.

பூரணம் என் வீட்டு அடுக்களையில வந்து உக்காந்து தலையிலயே அடிச்சுக்கிட்டா. "நான்தான் மதினி ஊத்துனேன், என் கையாலயே ஊத்துனேன்."

நான் அவளச் சமாதானம் பண்ணல. எனக்கு என் கதை ஞாபகம் வந்துருச்சு. என் மக சந்தனமாரி பத்தாங்கிளாசுல பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவதா வந்தவ. எதுத்த வீட்டுப் பயலோட நின்னு பேசுனான்னு அவுக அப்பா படிப்ப நிறுத்துனப்ப, ஊருக்கே சட்டம் பேசுற இந்த வேலுத்தாய் வாயத் தொறக்கல. பிள்ளை ஸ்கூல் பைய அலமாரி மேல தூக்கி வச்சத அரிசி புடைச்சுக்கிட்டே பாத்தேன். அன்னைக்கு நான் பேசியிருக்கணும். பேசல. அதுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது, அது எனக்குத் தெரியும்.

"அழுதது போதும், எந்திரி"ன்னேன். "ஒத்தை வார்த்தையக் கேட்டுட்டுத்தான் உன் புருஷன் கிளம்புறாரு. மிச்சத்தையும் அவரு கேக்கணும். கேக்க வைப்போம்."

அன்னிலருந்து எங்க தெருவுல யாரும் ஆத்துத் தண்ணியக் குடிக்கல. நாலு தண்ணிக்கு, பிடிச்ச குடத்தையெல்லாம் சாய்க்காம, தட்டு போட்டு மூடி, துணியக் கட்டி, கட்டிலுக்கு அடியிலயும் ஆட்டுக்கல்லுக்குப் பின்னாலயும் ஒளிச்சு வச்சோம். உப்புத் தண்ணியக் குடிச்சு நாக்குத் தடிச்சுப் போச்சு, பிள்ளைகளுக்கு வயித்தால போச்சு, ஆம்பளைங்க "ஏன் காப்பி இப்படி இருக்கு"ன்னு கத்துனாங்க. காப்பிய மூடிக்கிட்டுக் குடிங்கன்னு சொல்லிட்டோம்.

பத்தாம் நாள் காலையில எட்டு மணிக்கு, மதுரை ஏர்போர்ட்டுக்குப் போறதுக்கு அழகுராஜ் வீட்டு வாசல்ல கார் வந்து நின்னுச்சு. அவரு பெட்டியத் தூக்கி டிக்கியில வச்சுட்டுத் திரும்புனா, காருக்கு முன்னாலருந்து தெருமுக்கு வரைக்கும், ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா, அறுபத்தி நாலு குடம் நிக்குது. பச்சை, ஊதா, செவப்பு, என் பித்தளைக் குடம் எல்லாத்துக்கும் முன்னால. குடத்துக்கு ஒருத்தியா நாங்க நிக்கோம். பின்னால முட்டுச் சந்து, கார் திரும்பவும் வழியில்ல.

டிரைவர் வெளியூர்க்காரன், இறங்கி வந்து என் குடத்துல கைய வைக்கப் போனான். "தம்பி, தொடாத!"ன்னு அழகுராஜே கத்திட்டாரு. பிறந்து வளந்த தெரு, வாயில தானா வந்துருச்சு.

"அக்கா, வழிய விடுங்க"ன்னாரு எங்கிட்ட. "இது என் வீட்டு விசயம்."

"குழாய்ல வந்த அன்னிக்கே இது தெரு விசயமாயிருச்சு அண்ணாச்சி. நாங்க ஒண்ணும் உங்களத் தடுக்கல. குடத்துக்காரி குடத்தக் காலி பண்ணி எடுத்துக்கிடுவா, வழி தானா வரும். அதுவரைக்கும் நின்னு கேளுங்க. கேட்டுட்டு அப்புறமும் போகணும்னா, நானே உங்க பெட்டிக்குக் காவலா வாரேன்."

"ஊரு சிரிக்குது என்னப் பாத்து."

"ஊரு உப்புத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கு உங்க மகளுக்காக. கேளுங்க."

முதல் குடத்த நான் சாய்ச்சேன். வேப்பமரத்து மூட்டுல ஊத்த ஊத்த, தமயந்தி குரல் வந்துச்சு: அஞ்சு வேரு, மூணு தண்டு. ரெண்டாவது குடத்துல மணிக்கட்டு எலும்பு எட்டையும் சொல்லிக்கிட்டே போனா, ஏழுல நின்னா, அவன் எடுத்துக் குடுக்கல, அவளாவே எட்டாவதக் கண்டுபிடிச்சா. மூணாவதுல மழை பெஞ்சுது, குடைக்குள்ள உக்காந்து இருதயத்தோட நாலு அறையையும் படிச்சாங்க. அழகுராஜ் காரு மேல சாஞ்சு நின்னாரு. பத்தாவது குடத்துல ஒண்ணுமே பேசிக்கல, கதிரத் தின்னுற சத்தம்தான். பதினேழாவதுல அவன் கொஞ்சலா ஏதோ கேட்டான், "இப்ப வேணாம், இன்னும் முதுகு பாக்கி இருக்கு"ன்னா அவ. எங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டோம். ஜெபமேரி நின்னு ஒவ்வொண்ணா எடுத்துச் சொன்னா. வெயில் ஏறுச்சு, டிரைவர் காரு கதவத் தொறந்து போட்டு உக்காந்து கன்னத்துல கைய வச்சுக்கிட்டுக் கேட்டான்.

நாப்பதாவது குடம் பூரணத்தோடது. அதுல தமயந்தி சொன்னா: "எங்கப்பாவுக்கு நரம்புன்னா தெரியாது, ஆனா அவரு விரல் வச்சா எந்தக் கம்பி செத்துருக்குன்னு தெரியும். நான் டாக்டரானா அவரு விரல் மாதிரிதான் என் விரல் இருக்கணும். போன தடவை வெள்ளைத் தாளக் குடுத்தேன்ல, அன்னிக்கு அவரு மூஞ்சியத்தான் நெனச்சேன், அதான் பயந்து எல்லாம் மறந்துச்சு. இனி பயப்படமாட்டேன்."

அழகுராஜ் ரோட்டுலயே உக்காந்துட்டாரு. பூரணம் காலிக் குடத்த வச்சுக்கிட்டு அவரு முன்னால நின்னா. "நான் உங்க பேச்ச மீறுனதே இல்ல"ன்னா. "இன்னிக்கு மீறுறேன். அவ எழுதட்டும்."

மதியம் ஒண்ணரைக்கு அறுபத்தி நாலாவது குடமும் தீந்துச்சு. தெரு பூரா ஈரம், வழி பூரா காலி. டிரைவர் சாவியத் திருகி வண்டிய உறும விட்டான். அழகுராஜ் போன எடுத்து, எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி வச்சு, மகளக் கூப்பிட்டாரு.

"தாயி. அந்தப் பையனப் பத்திக் கேள்விப்பட்டேன். நெசமா?"

"நெசந்தான்ப்பா. பிடிச்சிருக்கு. அவன் செப்டம்பர்ல கப்பலுக்குப் போயிருவான், அதுக்கப்புறம் என்ன ஆகும்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. ஆனா நீங்க வந்து கூப்பிட்டாலும் பதினாலாந் தேதிக்கு முன்னால நான் வரமாட்டேன்ப்பா. கோவிச்சுக்கோங்க, அடிக்கக்கூடச் செய்ங்க. நான் எழுதிட்டுத்தான் வருவேன்."

"எத்தன கயிறு?"ன்னாரு அழகுராஜ்.

"என்னப்பா?"

"ஆறு பிரிவு. அப்புறம் எத்தன கயிறு?"

"மூணு"ன்னா அவ, திகைச்சுப் போய். அழுதுட்டா போல. இவரு போன வச்சுட்டு, டிக்கியிலருந்து பெட்டிய எடுத்தாரு.

அந்த வாரத்துலருந்து அவரு குழாயடிக்கு வர ஆரம்பிச்சாரு, எங்க தெருச் சரித்திரத்துல வரிசையில குடம் வச்ச முதல் ஆம்பள. பொம்பளைங்களுக்கு முதல்ல கூச்சம், அப்புறம் பழகிப் போச்சு. சலுகையெல்லாம் ஒண்ணும் கிடையாது, முந்தப் பாத்தாருன்னா அவரையும் வைவேன்.

பரிட்சைக்கு முன்னால வந்த கடைசித் தண்ணியில அந்தப் பய குரல் வேற மாதிரி இருந்துச்சு. ஜெபமேரி தயங்கித் தயங்கிச் சொன்னா. "பதினாலாந் தேதி காலையில பதினோரு மணிக்கு அவன் கப்பல் கிளம்புதாம். பரிட்சை ஹால்லருந்து துறைமுகம் அஞ்சு நிமிசமாம். மூணு தடவை ஊதுவாங்களாம், மூணாவது ஊதல்ல கயிற அவுத்துருவாங்களாம். பாதி எழுதினாப் போதும், பாசாயிருவ, ஓடி வந்துரு, ஒரே ஒரு தடவை உன்னப் பாத்துட்டுப் போறேன்னு கெஞ்சுறான்."

அதுக்கப்புறம் அலைச் சத்தம்தான் வந்துச்சு, குடம் நெறையுற வரைக்கும் அலைதான்.

"அடிப்பாவி, போயிட்டுத்தான் வரட்டுமே, அந்தப் பய இத்தன நாள் கூட இருந்திருக்கான்ல"ன்னு வரிசையில பாதி சொல்லுச்சு. போகக்கூடாதுன்னு மீதி சொல்லுச்சு. பூரணம் அந்தக் குடத்தத் தூக்கிக்கிட்டு, "கொதிக்க வச்சுப் பாத்துரலாமா? மெல்லமா ஏதும் சொல்லியிருப்பா"ன்னா.

"வேணாம்"னாரு அழகுராஜ். "நம்ம காதுல விழணும்னு சொன்ன பேச்சு இல்ல அது. வை கீழ."

பதினாலாந் தேதி மத்தியானம் போன் வந்துச்சு. "எழுதிட்டேன்மா"ன்னா, அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. முழுசா எழுதுனியான்னு கேக்க பூரணத்துக்கு நாக்கு வரல. எழுதிட்டேன்னு யாரு வேணாச் சொல்லலாம், வெள்ளைத் தாளக் குடுத்துட்டு வந்த அன்னிக்கும் அவ அதையேதான் சொன்னா.

மறுநாள் தண்ணி முறை. நாலு மணிக்கே தெருவே குழாயடிக்கு வந்துருச்சு, பொம்பளைங்க, பின்னால ஆம்பளைங்க, கயிறாடுற பிள்ளைக. யார் குடம் முதல்லன்னு நான் கேக்கல, எல்லாருமா விலகி அழகுராஜுக்கு வழி விட்டாங்க. அவரு குடத்த வச்சுட்டுக் குழாய்க்குப் பக்கத்துல குத்தவச்சு உக்காந்தாரு.

குழாயில காத்து சீறுச்சு, அப்புறம் தண்ணி வந்துச்சு. நாற்காலி இழுபடுற சத்தம். யாரோ இருமுனாங்க. தாள் விரிஞ்சுச்சு, பேனா எழுத ஆரம்பிச்சுச்சு, கரகரன்னு, நிக்காம. குடம் பாதி நெறைஞ்சப்ப முதல் ஊதல். எங்க குழாயே அதிர்ந்துச்சு, பிள்ளைக காதப் பொத்திக்கிச்சுக. பேனா எழுதிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டாவது ஊதல் இன்னும் நீளமா. பேனா எழுதிக்கிட்டே இருந்துச்சு.

மூணாவது ஊதல்ல பேனா நின்னுச்சு.

குடம் நெறைஞ்சு வழிஞ்சு ஓடுது, ஒருத்தரும் பாக்கல. ஓடிருடி, அவனப் பாத்துட்டு வந்துருன்னு ஒரு மனசு சொல்லுது, உக்காருடி, அசையாதடின்னு இன்னொரு மனசு சொல்லுது, எதச் சொல்றேன்னு எனக்கே தெரியல. பூரணம் என் கையப் பிடிச்சிருந்தா, நகம் பதிஞ்சு ரத்தம் வந்துருச்சு. ஊதல் தேஞ்சு தேஞ்சு, தூரமாப் போயி, இல்லாம ஆச்சு.

மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. தாளத் திருப்புற சத்தம். அப்புறம் பேனா, முன்னவிட வேகமா.

அழகுராஜ் எந்திரிச்சாரு. வழிஞ்சு ஓடுன குடத்தத் தூக்கித் தோள்ல வச்சாரு, சட்டை பூரா நனைஞ்சுச்சு, மூஞ்சியும் நனைஞ்சுதான் இருந்துச்சு.

"எழுதுறா"ன்னாரு. "அடுத்த குடத்த வைங்கம்மா."